நன்னடத்தை வாரியத்தில் ஒரு ரஷ்யக் குடும்பம்

ஒரு நாவலை மொழிபெயர்ப்பது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒன்பது வருஷத்தில் முடிந்துவிடும். அந்த நாவலில் வருகிறவர்கள் யோக்கியர்கள்தான் என்று மேலிடத்தில் முத்திரை வாங்குவது இருக்கிறதே, அதுதான் ஐயா உயிரை வாங்கும்.

நம் கதாநாயகிக்குப் பகல் பிழைப்பு மருந்துச் சீட்டு. மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்துத் திணித்திருப்பார்களே, பிரித்துவிட்டால் மறுபடி மடிக்க வராத காகிதம், அதைத் தமிழாக்குகிறவள் அவள். தெருவில் அவளுக்குப் பெயரே மருந்துச்சீட்டம்மாதான். 'தலைசுற்றல், குமட்டல், அரிதாக மரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு ரஷ்ய நாவலைத் திறந்தாள் என்றால் அப்புறம் வீடு பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய நாவல். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவு தடிமன்.

அவள் புருஷன் தையற்காரர். வீட்டு முன்னறைதான் கடை. பெண்டாட்டி ஒன்பது வருஷம் அந்த ரஷ்யக் குடும்பத்தோடு குடித்தனம் நடத்தியதில் அவருக்கும் அவர்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பெயர்கள் வாயில் நுழையாததால் அண்ணன், தம்பி, அண்ணி, பெரியவர் என்றே புழங்குவார். அளவு கொடுக்க வருகிறவர்கள் தப்பவே முடியாது.

"அண்ணன் இருக்கானே, அடிப்படையில நல்லவன்தான் சார். கையைத் தூக்குங்க. அப்பன் தானியக் கிடங்கைத் தம்பி பேருக்கு எழுதி வெச்சதும் பொறுக்கல அவனுக்கு. கிடங்கு நிறையக் கோதுமை சார். போயி நெருப்பை வெச்சுட்டான். பழி தம்பி தலையில விழுந்துடுச்சு. தம்பி ஜெயிலுக்குப் போறான், இவன் வாயைத் திறக்கல. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அப்புறம் சட்டை இறுக்கும். கடைசியில தம்பி வெளிய வர்றான். ஊரே கூடியிருக்கு. அண்ணன் எழுந்து நின்னு, நான்தான் வெச்சேன்னு சொல்றான் பாருங்க... இவ அந்தப் பக்கத்தையே எத்தனை தடவை கிழிச்சுக் கிழிச்சு எழுதினா தெரியுமா?"

அவர் சொன்னது நிஜம். அந்தக் கடைசி அத்தியாயம் தமிழில் வர வேண்டும் என்பதற்காகத்தான் அவள் மற்ற எல்லா அத்தியாயங்களையும் சுமந்தாள்.

அச்சகக்காரர் நல்ல மனிதர். அச்செழுத்தில் பக்கமெல்லாம் கோத்து வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "அம்மா, நூலகங்க வாங்கலைன்னா இத்தாம் பெரிய புத்தகத்தை நான் யார் தலையில கட்டறது? நூலகம் வாங்கணும்னா வாரியத்து முத்திரை வேணும். முத்திரை வந்தா மறுநாளே மெஷின்ல ஏத்தறேன். வரலைன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற வேலை பாக்கணும். என்னை நொந்துக்காதீங்க."

வாரியம் என்றால் நூல்மாந்தர் நன்னடத்தை வாரியம். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பளிங்குத் தரையும் பழுதான மின்தூக்கியுமாக ஒரு கட்டடம். தாழ்வாரத்தில் எழுத்தாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் குழந்தைகளுக்கு எழுதுகிறவராம். அவருடைய நரி பொய் சொல்கிறதாம், பொய் சொல்லாத நரியாக மாற்றி எடுத்துவரச் சொல்லி மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அடுத்தவர் சமையல் புத்தகக்காரர். வெங்காயம் காரணமில்லாமல் பெண்களை அழவைக்கிறது என்று ஆட்சேபணை.

"உங்களுது என்னம்மா?" என்று நரிக்காரர் கேட்டார்.

"ரஷ்ய நாவல்."

இருவரும் அவளை ஆஸ்பத்திரியில் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்கள்.

வாரியத்தின் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்ததை நம்ப மாட்டீர்கள். எந்தப் பாத்திரத்தையும் அதன் முதுகுக்குப் பின்னால் விசாரிப்பது முறையல்ல என்பது வாரியத்தின் கொள்கை. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் டவாலி வாசலில் நின்று மூன்று தரம் கூவி அழைப்பார். பாத்திரம் வராது. எப்படி வரும்? அப்போது வாரிய உறுப்பினர் ஒருவரே பதிலியாக, மேடைக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்லுவார். சொன்னது முழுக்கப் பதிவாகும். இதை ஏற்படுத்தியவர் தலைவர்தான். உலகத்திலேயே வேறெங்கும் கிடையாது என்று அவர் பெருமையோடு சொல்லுவார், அதிலே பொய் ஒன்றும் இல்லை.

தலைவர் வழுக்கையும் கம்பீரமுமான மனிதர். மற்ற இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். இன்னொருவர் காண்ட்ராக்டர். நூலகங்களுக்கு அலமாரி சப்ளை செய்கிறவர் என்பதால் இலக்கியத்தில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் பெரியவர், அதாவது அப்பா. மகா குடிகாரர். டவாலி ரஷ்யப் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்று, "அப்பா! அப்பா! அப்பா!" என்று மூன்று தரம் கூவினார். நரிக்காரர் பாவம், தம் பிள்ளைதான் கூப்பிடுகிறது என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

"வயசுல பெரியவர். அதனால பதிலியா நானே உக்காருறேன்" என்று தலைவர் இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

முதல்வரம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "ஏன் குடிக்கிறீங்க? குடும்பம் நாசமாப் போறது தெரியலையா?"

"குடிக்கிறதா?" தலைவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அம்மா, பொறுப்புல இருக்கறவன் சாயங்காலம் லேசா தொண்டையை நனைச்சுக்கறது குடியா? பகலெல்லாம் பாரம் சுமக்கறேன். எத்தனை கையெழுத்து, எத்தனை கும்பிடு! வீட்டுக்குப் போனா ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா. டிரைவர் நாலு பேர்கிட்ட சொல்றான். குளிர் வேற."

"ரஷ்யாவுல குளிர்தான்" என்று காண்ட்ராக்டர் அனுதாபப்பட்டார்.

தீர்ப்பு உடனே வந்தது. பெரியவருடைய பழக்கம் தட்பவெப்பம் சார்ந்தது, அதில் ஒழுக்கக்கேடு இல்லை. ஆனால், 'அவர் பனியில் விழுந்தார்' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'பனியில் படுத்தார்' என்று மாற்ற வேண்டும். விழுவது கண்ணியக் குறைவு, படுப்பது அவரவர் இஷ்டம்.

"போகட்டும் விடு" என்றார் புருஷன், ராத்திரி வீட்டில் இதைக் கேட்டுவிட்டு. "மனுஷன் கடைசியில செத்துத்தானே போறார். அதையும் படுத்தார்னு போட்டுடச் சொன்னாங்களா?"

அவள் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

இரண்டாம் நாள் அண்ணி. அண்ணனுடைய மனைவி. ஊருக்கு வந்த ராணுவ டாக்டரிடம் அவள் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறாள், நாவலில் நடுப்பாதி முழுக்க அதுதான். காண்ட்ராக்டர் தொடங்கும்போதே தீர்வோடு தொடங்கினார்.

"இதுக்குப் போயி ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? அந்த டாக்டரை அண்ணிக்குத் தம்பியா ஆக்கிடுங்க. ஒரு வார்த்தைதானே! சுத்தமாயிடும்."

மருந்துச்சீட்டம்மா பதறிவிட்டாள். "சார், அப்புறம் படகுல ஒரு அத்தியாயம் வருது சார். தம்பின்னா அது இன்னும் விபரீதமாயிடும்."

படகு அத்தியாயத்தை வரவழைத்துப் படித்தார்கள். மூவரும் தனித்தனியாகப் படித்தார்கள். தலைவர் இரண்டு தரம் படித்தார். அதற்குள் முதல்வரம்மாள் எழுந்துபோய் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட என்னத்தைக் கண்டே?" என்று தலைவர் அதட்டினார்.

அம்மாள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டிருந்தார். "அவர் ஒண்ணும் பெரிசா பேசலீங்க. 'நேத்து இருமினீங்களே, இன்னிக்கு எப்படி இருக்கு'ன்னு கேட்டார். இத்தனை வருஷத்துல என் வீட்டுல அதை யாரும் கேட்டதில்லை. நான் செத்துப்போனா அலமாரிச் சாவி எங்க இருக்குன்னுதான் தேடுவாங்க."

அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடைக்குத் திரும்பி, பழைய முகத்தை மாட்டிக்கொண்டு, அண்ணிக்கு நன்னடத்தை வழங்கலாம் என்று தாமே முன்மொழிந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அண்ணியும் டாக்டரும் சந்திக்கும்போதெல்லாம் டாக்டர் நாடி பார்க்க வேண்டும். படகிலும்.

இப்படியே கூப்பிட்டவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். வாரியத்துக்குக் கருணை அதிகம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். பாவிகளை இவ்வளவு அன்போடு புரிந்துகொள்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தைப் படித்தால் உருகிவிட மாட்டார்களா? மூன்றாம் நாள் அவள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனாள்.

அண்ணனுக்குப் பதிலி காண்ட்ராக்டர். யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தார். நெருப்பு வைத்ததற்குப் பத்தே நிமிஷத்தில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. கோபத்தில் செய்தது, ஆண்பிள்ளைக் கோபம், அப்பா செய்தது பாரபட்சம். தம்பி ஜெயிலுக்குப் போகும்போது வாய் திறக்காததற்கும் சிக்கல் இல்லை. குடும்பப் பெயரைக் காப்பாற்றினான் என்று பதிவானது. பிறகு தலைவர் கடைசி அத்தியாயத்தைக் கையில் எடுத்தார். எடுத்த விதமே சரியில்லை, ஏதோ செத்த எலியை எடுக்கிற மாதிரி.

"இது என்னம்மா இது?"

"அண்ணன் ஒத்துக்கறான் சார்."

"அதான் கேக்கறேன். ஏன் ஒத்துக்கறான்?"

"அவன்தானே சார் பண்ணினான்."

தலைவர் பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்து நின்று பேசினார். நின்று பேசினால் அது கொள்கைப் பேச்சு என்று அர்த்தம். "அம்மா, தப்பு பண்றது மனுஷ சுபாவம். அதுக்கு இந்த வாரியம் என்னிக்குமே தடை சொன்னதில்லை. மூணு நாளா பாத்தீங்களே! ஆனா ஒத்துக்கறது இருக்கே, அது தொத்துவியாதி. ஒரு பெரிய மனுஷன், சொத்து சுகம் உள்ளவன், ஊர் நடுவுல நின்னு நான்தான் பண்ணினேன்னு சொல்றான். அதை நூலகத்துல வெச்சா என்ன ஆகும்? சின்னப் பசங்க படிப்பாங்க. படிச்சுட்டு நம்மளைத் திரும்பிப் பார்ப்பாங்க. 'நீங்க எப்போ சார்?'னு கேப்பாங்க. அப்புறம் எந்த ஆபீஸ் நடக்கும்? எந்தக் குடும்பம் நிக்கும்?"

"கரெக்ட்" என்றார் முதல்வரம்மாள்.

"அதனால அந்த அத்தியாயம் வேண்டாம். வேலையும் சுலபம். நெருப்பு வெச்சது தம்பிதான்னு மாத்திடுங்க. அண்ணன் நல்லவன், கோர்ட்டு தப்புப் பண்ணல, ஜெயிலும் வீண்போகல. எல்லாருக்கும் கௌரவம்."

அவள் திருதிருவென்று விழித்தாள். "சார், தம்பி ஒரு பாவமும் அறியாதவன் சார். புத்தகத்துலயே அவன் ஒருத்தன்தான் சார் நல்லவன்."

"அதனாலதான் சொல்றேன். அவன் தாங்குவான்."

ஆனால் விதி விதிதான். ஒரு பாத்திரத்தைக் குற்றவாளியாக்குமுன் அதையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். டவாலி "தம்பி! தம்பி! தம்பி!" என்று கூவினார். இன்னொரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார ஆள் இல்லை. ஜெயிலுக்குப் போனவனுக்குப் பதிலியாக இருப்பது தம் பதவிக்கு அழகல்ல என்றார் தலைவர். முதல்வரம்மாளுக்கு முழங்கால் வலி. கடைசியில் தலைவர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீங்களே உக்காருங்கம்மா. வந்தோம், போனோம்னு முடிச்சுடலாம்."

அவள் உட்கார்ந்தாள். எதிரே அண்ணனாகக் காண்ட்ராக்டர், கால்மேல் கால் போட்டு. ஒன்பது வருஷமாக அந்தத் தம்பிக்காக அவள் தமிழ் தேடியிருக்கிறாள். இப்போது தேடாமலே வந்தது.

"ஏண்ணா, கிடங்குக்கு நெருப்பு வெச்சது நீ. நான் எதுக்கு உள்ள கிடக்கேன்?"

காண்ட்ராக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. காலை இறக்கினார். "உன்னை யாருடா உள்ள கிடக்கச் சொன்னது? மேல பாத்து ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"அப்படி நீ சொல்லவே இல்லியே. என் கிடங்குண்ணா அது. நிறைய இருந்துதே."

"என்னத்தை நிறைய இருந்துது! அதுல ஒண்ணுமே இல்லடா!"

மொழிபெயர்ப்பாளர் புத்தி சும்மா இருக்குமா? மூலத்தில் இல்லாததை யார் சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது. "இல்ல சார், நாவல்ல கிடங்கு முழுக்கக் கோதுமை இருக்கு."

"கோதுமையாவது மண்ணாவது! ஒரு புத்தகம்கூட உள்ள கிடையாது. வெறும் அட்டைப் பெட்டி. அதைக் கொளுத்தினதுக்கு இவ்வளவு பேச்சா? உன் வீட்டுக்கு நான் ஏதும் குறை வெச்சேனா? வாச்மேன் வேலை பாத்தவனுக்கு ஜெயில் என்ன, வெளிய என்ன? வேளாவேளைக்குச் சாப்பாடு போடறாங்க இல்ல?"

டவாலியின் வாய் திறந்தபடியே நின்றது. வாரியத்தின் புத்தகக் கிடங்கு போன வருஷம் எரிந்து சாம்பலானதும், இரவுக் காவலாளி புகைபிடித்துவிட்டு அணைக்காமல் தூங்கிவிட்டான் என்று அவனை உள்ளே தள்ளியதும் பேப்பரில் வந்த செய்தி. மருந்துச்சீட்டம்மாவும் அதைப் படித்து, அடப்பாவி என்று அந்தக் காவலாளியைத் திட்டியிருக்கிறாள்.

தலைவர் மேஜைமணியை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். "போதும்! பதிலி பாத்திரத்தோட ரொம்ப ஒன்றிட்டார்! விசாரணை முடிஞ்சுது!"

அடுத்த கால் மணி நேரத்தில் அவளுக்கு நடந்த உபசாரம் எந்த எழுத்தாளருக்கும் அந்தக் கட்டடத்தில் நடந்ததில்லை. உள்ளறை, மின்விசிறி, காபி, பிஸ்கட். தலைவர் தம் கையாலேயே கையெழுத்துப் பிரதியில் முத்திரை குத்தினார். நாடி பார்க்க வேண்டாம், பனியில் விழுகிறவர்கள் விழட்டும், கடைசி அத்தியாயத்தில் ஒரு புள்ளிகூட எடுக்க வேண்டாம்.

"எல்லா நூலகத்துக்கும் வாங்கச் சொல்லிடறேன்" என்றார் கனிவாக. "நீங்க படிச்சவங்க. இப்போ இங்க பேசினது எல்லாம் பாத்திரங்க பேசினது. கதைல வர்றதை யாராவது வெளிய போய் நிஜம்னு சொல்லுவாங்களா? அசிங்கம் இல்ல?"

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்றால், அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் ஐயா! முத்திரை ஈரம்கூடக் காயவில்லை.

வீட்டுக்கு வந்தாள். புருஷன் முத்திரையைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். "அடி சக்கை! தம்பி ஜெயிச்சுட்டான்!" என்று கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். அவள் அச்சுப் பக்கங்களை விரித்துக் கடைசியாகப் பிழை பார்க்க உட்கார்ந்தாள். திருத்திய பக்கங்களை அச்சகக்காரர் மறுநாளே கேட்டிருந்தார். முதல் நூறு பக்கம் ஓடியது. பிறகு பொறுக்காமல் கடைசி அத்தியாயத்துக்குத் தாவினாள். ஊர் கூடியிருக்கிறது. அண்ணன் எழுந்து நிற்கிறான். பேனா நகரவில்லை.

"என்னடி? ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், பிஸ்கட் உட்பட. தையல் இயந்திரத்தின் சக்கரம் நின்றது.

"அந்தத் தலைவர் முத்திரையை ரத்து பண்ணிடுவார்" என்றார் புருஷன் மெதுவாக.

"ஆமா."

"அச்சகக்காரர் எல்லாத்தையும் அழிச்சுடுவார்."

"ஆமாங்க. எனக்கு அழுகையா வருது. ஆனா வாயை மூடிக்கிட்டு இந்தப் பக்கத்துல நான் கமாவைத் தேடிட்டு உக்காந்திருக்கணுமா? அந்த அண்ணன் என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டானா?"

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்தார். "எழுந்திரு. போலீஸ் ஸ்டேஷனுக்குக் காபி குடிச்சுட்டுப் போலாமா, இப்பவேவா?"

"இப்பவே. அப்புறம்னா நான் வர மாட்டேன்."

வழக்கு கிளறப்பட்டது. டவாலியும் துணிந்து சாட்சி சொன்னார். புத்தகங்கள் தீக்கு வெகு முன்னாலேயே காண்ட்ராக்டருடைய மைத்துனன் கடைக்குப் போய்விட்டன என்று தெரிந்தது. காவலாளி வெளியே வந்தான். தாம் சொன்னது அண்ணனாகச் சொன்னது, தாமாகச் சொன்னதல்ல என்று காண்ட்ராக்டர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். இதில் வாரியத்துக்குள் யாருக்கெல்லாம் பங்கு என்பதை ஆராயத் தனிக் குழு அமைத்திருக்கிறார்கள். தலைமை, தலைவர்.

வாரியத்தின் இறுதி ஆணையும் வந்தது. 'மேற்படி நாவலின் மாந்தர் அனைவரும் நன்னடத்தை உடையோர் என வாரியம் திருப்தியடைகிறது. ஆயினும் மொழிபெயர்ப்பாளரின் நடத்தை ஐயத்துக்குரியதாகையால் நூலுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது.' அச்சகக்காரர் நேரில் வந்து கண்கலங்கினார். பக்கங்களை அழிக்குமுன் ஒரே ஒரு பிரதி ஓட்டி, தைக்காமல், நூலால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்துக் காவலாளி வந்தான். நன்றி சொல்ல வந்தவன், கையோடு இரண்டு பேன்ட்டையும் கொண்டுவந்திருந்தான். உள்ளே இருந்ததில் இளைத்துவிட்டான், இடுப்புப் பிடிக்க வேண்டும். அவன் நின்றபடி இருக்க, தையற்காரர் ஊசிகளைக் குத்திக்கொண்டே பழக்க தோஷத்தில் கதையை ஆரம்பித்துவிட்டார். கிடங்கு, நெருப்பு, அண்ணன், ஜெயிலில் தம்பி. காவலாளி அசையாமல் கேட்டான். இதுவரை யாரும் அப்படி அந்தக் கதையைக் கேட்டதில்லை. மருந்துச்சீட்டம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்து நிலையோரம் நின்றாள்.

"தம்பி வெளிய வந்தானாம்மா?" என்று அவளைக் கேட்டான்.

"வந்தான்ப்பா."

"அண்ணன் என்ன பண்ணினான்?"

"ஊர் முன்னாடி எழுந்து நின்னான். நான்தான் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டான்."

"யாரும் பிடிச்சு வைக்காமலா? அவனாவேவா?"

"அவனாவே."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, அப்புறம் இடுப்பில் குத்தியிருந்த ஊசிகள் உதிர்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னான்:

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கம்மா. ஆனா அந்தக் கடைசியை மட்டும் எடுத்துடுங்க. ஒருத்தனும் நம்ப மாட்டான்."